புராஸ்டேட் வீக்கம்: ஸ்கேன் ரிப்போர்ட்டின் கிராம் கணக்கை எப்படிப் படிப்பது?

ஐம்பது வயதைக் கடந்த ஓர் ஆண் வேறு ஏதோ காரணத்துக்காக வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொண்டாலும், ரிப்போர்ட்டின் கடைசி வரிகளில் ‘புராஸ்டேட் பெரிதாகியுள்ளது, 38 கிராம்’ என்பது போன்ற குறிப்பு இருப்பது மிகச் சாதாரணம். அதைப் படித்தவுடன் சிலர் புற்றுநோயோ என்று அஞ்சுகிறார்கள். வேறு சிலர் அடுத்த ஆண்டு அதே ஸ்கேனை எடுத்து 38 என்பது 42 ஆகிவிட்டதே என்று கவலைப்படுகிறார்கள். உண்மையில், சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு விடை தருவதில் அந்தக் கிராம் கணக்குக்கு உள்ள பங்கு மிகக் குறைவு. எந்த மருந்து, எந்த அறுவை சிகிச்சை என்று தேர்ந்தெடுக்கும் கட்டத்தில்தான் அது முக்கியத்துவம் பெறுகிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் புராஸ்டேட் வீக்கத்தைப் பற்றிய பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பையின் அடிவாயில், மலக்குடலுக்கு முன்புறமாக அமைந்திருக்கிறது. விந்தில் கலக்கும் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரக்கிறது. இளவயதில் அதன் எடை ஏறக்குறைய 20 கிராம். சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் குழாய் இந்தச் சுரப்பியின் நடுவே துளைத்துக்கொண்டு செல்கிறது என்பதுதான் எல்லாத் தொல்லைக்கும் மூலம். குழாயைச் சுற்றியுள்ள உள்பகுதி வயது ஏற ஏற வளர்கிறது. அந்த வளர்ச்சி குழாயை நெருக்கும்போது சிறுநீர் தடைபடுகிறது. புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் தோன்றுவது இந்த உள்பகுதியில் அல்ல, மலக்குடலை ஒட்டியிருக்கும் வெளிப்பகுதியில். ஆகவே வீக்கமும் புற்றுநோயும் ஒரே சுரப்பியில் வரும் இரு வேறு நோய்கள்; வீக்கம் முற்றிப் புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் இரண்டும் ஒரே வயதில் வருவதால், ஒருவருக்கே இரண்டும் இருக்க வாய்ப்பு உண்டு.

இந்த வளர்ச்சி ஏறத்தாழ எல்லா ஆண்களுக்கும் வருவது. இறந்தவர்களின் உடற்கூறு ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 1984-இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையின்படி, முப்பது வயதுக்கு உட்பட்டோரிடம் இந்த மாற்றம் காணப்படவில்லை. 51 முதல் 60 வயது வரை உள்ளவர்களில் பாதிப் பேரிடம் காணப்பட்டது. 80 வயதைக் கடந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இருந்தது. நுண்ணோக்கியில் தெரியும் மாற்றத்தைத்தான் இந்தக் கணக்கு சொல்கிறது. இவர்களில் பலர் வாழ்நாள் முழுவதும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்திருப்பார்கள்.

வளர்ச்சிக்குக் காரணமான ஹார்மோன் கண்டறியப்பட்ட கதை சுவையானது. கரீபியன் பகுதியில் உள்ள டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமப் பகுதியில், பிறக்கும்போது பெண் குழந்தை போலத் தோன்றிப் பருவ வயதில் ஆணாக வளர்ச்சியடையும் சிலரைப் பற்றி ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1974-இல் ஆய்வறிக்கை வெளியிட்டனர். இவர்களுடைய உடலில் டெஸ்டோஸ்டிரோன் இருந்தது. ஆனால் அதை அதைவிட வீரியமான டைஹைட்ரோ-டெஸ்டோஸ்டிரோனாக மாற்றும் நொதி குறைவாக இருந்தது. இவர்களுக்குப் பெரியவர்களான பிறகும் புராஸ்டேட் மிகச் சிறியதாகவே இருந்தது. அந்த நொதியை மருந்தால் தடுத்தால் வீங்கிய புராஸ்டேட்டையும் சுருக்கலாம் அல்லவா என்ற எண்ணத்திலிருந்து பிறந்ததுதான் ஃபினாஸ்டிரைடு. அமெரிக்காவில் 1992-இல் அதற்கு அனுமதி கிடைத்தது.

எந்த அறிகுறிகள்

அறிகுறிகளை மருத்துவர்கள் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். சிறுநீரை வெளியேற்றுவதில் உள்ள சிரமம் முதல் வகை: கழிக்க நின்றும் உடனே வராமல் காத்திருப்பது, தாரை மெலிந்து போவது, விட்டு விட்டு வருவது, முக்க வேண்டியிருப்பது, முடித்த பிறகும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு. தேக்கி வைப்பதில் உள்ள சிரமம் இரண்டாவது வகை: அடிக்கடி போவது, வந்தால் அடக்க முடியாத அவசரம், இரவில் பலமுறை எழுந்திருப்பது. முதல் வகை குழாயின் அடைப்பால் நேரடியாக வருவது. இரண்டாவது வகை பெரும்பாலும் சிறுநீர்ப்பை காட்டும் எதிர்வினை. அடைப்புக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் அழுத்தித் தள்ளிய அதன் தசைச் சுவர் தடித்து, எளிதில் சுருங்கும் இயல்பைப் பெற்றுவிடுகிறது. இன்னும் சில ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் சிலருக்கு அதே தசை சோர்ந்து, தள்ளும் வலுவையே இழந்துவிடுகிறது. புராஸ்டேட் நோயாக நாம் பேசுவதில் பெரும்பகுதி சிறுநீர்ப்பையின் கதைதான்.

சுரப்பியின் அளவும் அறிகுறிகளின் கடுமையும் ஏன் ஒத்துப்போவதில்லை என்பதும் இங்கே விளங்கும். 80 கிராம் புராஸ்டேட் வெளிப்புறமாக வளர்ந்து குழாயை அதிகம் நெருக்காமல் இருக்கலாம். 30 கிராம் புராஸ்டேட்டின் நடுமடல் சிறுநீர்ப்பைக்குள் துருத்திக்கொண்டு, கழிக்க முயலும் ஒவ்வொரு முறையும் வாயை மூடிக்கொண்டு நிற்கலாம். அடைப்பில் இறுக்கம் என்ற அம்சமும் சேர்ந்திருக்கிறது: சுரப்பியிலும் சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதியிலும் உள்ள மென்தசை சுருங்கிக்கொண்டால், அளவு சிறிதானாலும் பாதை குறுகிவிடும்.

இரவில் மூன்று நான்கு முறை எழுந்திருப்பதை உடனே புராஸ்டேட்டின் கணக்கில் எழுதிவிடுவது பரவலான தவறு. மருத்துவர்களும் சில நேரங்களில் இதைச் செய்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. கட்டுப்படாத சர்க்கரை நோய், பகலில் காலில் தேங்கிய நீர் இரவில் படுத்தவுடன் இரத்த ஓட்டத்தில் திரும்பும் இதயக் கோளாறு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு, மாலையில் விழுங்கிய நீரிறக்கும் மாத்திரை, சாப்பாட்டுக்குப் பின் ஒரு சொம்புத் தண்ணீர் என எதுவும் காரணமாக இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. மூன்று நாள்களுக்கு, எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தோம், எத்தனை மணிக்கு எவ்வளவு மில்லி சிறுநீர் கழித்தோம் என்று அளவுக் குவளையில் பிடித்து நோட்டில் எழுதிக்கொண்டு போனால் போதும். ஒவ்வொரு முறையும் 100 மில்லி மட்டுமே வந்தால் சிக்கல் சிறுநீர்ப்பையிலோ புராஸ்டேட்டிலோ இருக்கலாம். ஒவ்வொரு முறையும் 400 மில்லி வந்தால் இரவில் சிறுநீர் உற்பத்தியே அதிகம் என்று பொருள். அந்த நிலையில் புராஸ்டேட் மாத்திரையால் பெரிய பயன் இராது.

பரிசோதனைகள்

பரிசோதனை கேள்விகளிலிருந்து தொடங்குகிறது. உலகம் முழுவதும் பயன்படும் பன்னாட்டு புராஸ்டேட் அறிகுறி மதிப்பெண் தாளில் கடந்த ஒரு மாத அனுபவம் பற்றிய ஏழு கேள்விகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 35-இல் 7 வரை இலேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் 35 வரை கடுமையானது. எட்டாவதாக ஒரு தனிக் கேள்வி உண்டு: வாழ்நாள் முழுவதும் இப்படியே இருக்க நேர்ந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? என்னைக் கேட்டால் அந்தத் தாளின் மிக முக்கியமான கேள்வி அதுதான். 15 மதிப்பெண் வாங்கிய ஓய்வுபெற்றவர் ஒருவர் ‘பரவாயில்லை’ என்று சொல்லலாம். அதே 15 வாங்கிய, வழியில் வண்டியை நிறுத்த முடியாத பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கு அது தாங்க முடியாததாக இருக்கலாம். இருவருக்கும் ஒரே சிகிச்சை என்பது பொருந்தாது.

அடுத்து ஆசனவாய் வழியாக விரலால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை. கூச்சத்தால் பலர் இதைத் தவிர்க்கிறார்கள். ஆனால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் இந்தப் பரிசோதனையில், சுரப்பி வழவழப்பாகவும் இளக்கமாகவும் இருக்கிறதா, கல் போன்ற கெட்டியான முடிச்சு உள்ளதா என்று மருத்துவரால் உணர முடியும். புற்றுநோய் பெரும்பாலும் தோன்றும் வெளிப்பகுதியே விரலுக்கு எட்டும் பகுதி என்பது இதன் சிறப்பு. கூடவே சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமித்தொற்றும் இரத்தமும், இரத்தப் பரிசோதனையில் சர்க்கரையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்க்கப்படும்.

இப்போது ஸ்கேனுக்கு வருவோம். ரிப்போர்ட்டில் கிராம் எண்ணுக்குப் பக்கத்தில், சிறுநீர் கழித்த பிறகு பையில் மிஞ்சியிருக்கும் அளவு என்று இன்னோர் எண் இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். 50 மில்லிக்குக் குறைவாக இருந்தால் கவலையில்லை. மீண்டும் மீண்டும் 200, 300 மில்லி என்று மிஞ்சினால் பை சரியாகக் காலியாகவில்லை என்று பொருள். ஆனால் இந்த எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்கேன் நிலையத்தில் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்கச் சொல்லி, பை அளவுக்கு மீறி நிரம்பித் தவிக்கும்போதுதான் பலருடைய முறை வருகிறது. அளவுக்கு மீறி விரிந்த பை, நோயில்லாதவருக்கும் முழுமையாகக் காலியாவதில்லை. அவசரத்திலும் கூச்சத்திலும் பாதியில் திரும்பி வருபவர்களும் உண்டு. ஆகவே மிச்சம் அதிகமாகக் காட்டினால், சாதாரணமாகச் சிறுநீர் வரும் உணர்வு ஏற்படும் நிலையில் இன்னொரு முறை அளந்து பார்ப்பது நியாயம். இரண்டு சிறுநீரகங்களும் வீங்கியிருக்கின்றனவா என்பதையும் அதே ரிப்போர்ட்டில் கவனிக்க வேண்டும். அடைப்பின் அழுத்தம் மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் பாதிக்கத் தொடங்கியிருந்தால் நிலைமையே வேறு.

யூரோஃப்ளோ என்ற பரிசோதனையில், ஒரு கருவியில் பொருத்திய புனலில் சிறுநீர் கழித்தால் வேகம் வரைபடமாக வரும். உச்ச வேகம் விநாடிக்கு 15 மில்லிக்கு மேல் இருந்தால் அடைப்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 10-க்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். குறைந்தது 150 மில்லியாவது கழித்தால்தான் அந்த வரைபடத்தை நம்பலாம். வேகம் குறைவதற்குக் காரணம் குழாயின் அடைப்பா அல்லது தள்ளும் தசையின் பலவீனமா என்பதை இந்தப் பரிசோதனையால் சொல்ல முடியாது. நெடுநாள் சர்க்கரை நோயாளிகளிடமும் நரம்புக் கோளாறு உள்ளவர்களிடமும் இந்தச் சந்தேகம் எழும்; அப்போது பையினுள் மெல்லிய குழாய் செலுத்தி அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் பரிசோதனை தேவைப்படும். தசையே சோர்ந்துபோன ஒருவருக்கு அடைப்பை மட்டும் நீக்கினால் எதிர்பார்த்த பலன் கிடைக்காமல் போகலாம் என்பதால், அறுவை சிகிச்சைக்கு முன் இது தெரிந்தாக வேண்டும்.

பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகப் பதற்றத்தை விளைவிப்பது இதுதான். இது புராஸ்டேட் செல்கள் சுரக்கும் ஒரு புரதம். புற்றுநோய் செல்கள் மட்டுமே சுரப்பது அல்ல. வீக்கம், கிருமித்தொற்று, சிறுநீர் அடைத்துக்கொள்வது, சிறுநீரை வெளியேற்றக் கதீட்டர் என்ற குழாய் போட்டிருப்பது, முந்தைய ஓரிரு நாள்களில் விந்து வெளியேறியிருப்பது ஆகிய எல்லாமே இந்த எண்ணை உயர்த்தக்கூடும். வழக்கமாக எல்லையாகச் சொல்லப்படும் 4 நானோகிராம் என்பதற்கு மேலே இருந்தால் புற்றுநோய் என்றோ, கீழே இருந்தால் இல்லை என்றோ உறுதியாகச் சொல்ல முடியாது. தொற்று இருந்தால் அதைக் குணப்படுத்திச் சில வாரங்கள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் உயர்ந்தே இருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், தேவைப்பட்டால் அதன் துணையோடு திசுப் பரிசோதனையும் அடுத்த படிகள். ஒன்றை மறக்கக் கூடாது: ஃபினாஸ்டிரைடு அல்லது அதே வகையைச் சேர்ந்த டுடாஸ்டிரைடு ஆறு மாதங்களுக்கு மேல் சாப்பிடுபவர்களுக்குப் பி.எஸ்.ஏ. ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும். அவர்களுடைய ரிப்போர்ட்டில் 3 என்று இருந்தால் அதை 6 என்றே படிக்க வேண்டும். முடி கொட்டுவதற்காகக் குறைந்த அளவில் ஃபினாஸ்டிரைடு சாப்பிடுபவர்களும் இதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மருந்துகள்

இலேசான அறிகுறிகளுக்கு மருந்தே தேவைப்படாமல் இருக்கலாம். மாலைக்குப் பின் நீரையும் தேநீர், காபியையும் குறைப்பது, மது தவிர்ப்பது, மலச்சிக்கலைச் சரிசெய்வது, கழித்து முடித்து ஒரு நிமிடம் கழித்து மீண்டும் ஒருமுறை முயல்வது போன்றவை ஓரளவு உதவும். தொந்தரவுக்குப் பயந்து பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பது மட்டும் வேண்டாம். அடர்த்தியான சிறுநீர் எரிச்சலையும் கல்லையும் கிருமித்தொற்றையும் சேர்த்துக் கொண்டுவரும்.

முதல் மருந்து பெரும்பாலும் டாம்சுலோசின், சைலோடோசின், ஆல்ஃபுசோசின் வகையைச் சேர்ந்ததாக இருக்கும். முன்பு சொன்ன மென்தசை இறுக்கத்தை இவை தளர்த்துகின்றன; சில நாள்களிலேயே தாரையில் மாற்றம் தெரியும். சுரப்பியின் அளவை இவை ஒரு கிராம்கூடக் குறைப்பதில்லை. எனவே இந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே ‘ஸ்கேனில் குறையவில்லையே’ என்று வருந்துவதில் பொருளில்லை. படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது தலைசுற்றல் வரலாம். உச்சத்தின்போது விந்து வெளியே வராமல் போகலாம், குறிப்பாகச் சைலோடோசினில். மாத்திரையை நிறுத்தினால் இது சரியாகிவிடும். கண்புரை அறுவை செய்துகொள்ளப் போகிறவர்கள் இந்த மருந்தைச் சாப்பிடுவதை, முன்பு சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும்கூட, கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அறுவையின்போது கண்ணின் கருவிழித்திரை தொய்ந்து சிக்கலை உண்டாக்கும் என்பது 2005-இல் கண்டறியப்பட்டது.

சுரப்பியைச் சுருக்குபவை ஃபினாஸ்டிரைடும் டுடாஸ்டிரைடும். இங்குதான் கிராம் கணக்கு பயன்படத் தொடங்குகிறது: சிறிய சுரப்பிக்கு இவை பெரிதாக உதவுவதில்லை, 30 அல்லது 40 கிராமுக்கு மேல் உள்ளவர்களுக்கே பலன். அளவு கால் பங்கு வரை குறைய ஆறு மாதமும் அதற்கு மேலும் ஆகும். இரண்டாவது மாதமே பலனில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. 3,047 ஆண்களைச் சராசரியாக நாலரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், டாக்சசோசின் என்ற தளர்த்தும் மருந்தையும் ஃபினாஸ்டிரைடையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு நோய் முற்றும் அபாயம் 66 சதவீதம் குறைந்தது. தளர்த்தும் மருந்தை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அறிகுறிகள் குறைந்தாலும், சிறுநீர் அடைத்துக்கொள்ளும் அபாயமும் அறுவையின் தேவையும் நாளடைவில் குறையவில்லை. சுருக்கும் மருந்து இருந்தால்தான் அவை குறைந்தன. பாலுறவு நாட்டம் குறைதல், விறைப்புக் குறைதல் ஆகியவை சிலருக்கு வரும் பக்கவிளைவுகள். கருவுற்ற பெண்கள் இந்த மாத்திரைகளை உடைந்த நிலையில் தொடக் கூடாது. ஆண் கருவின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும்.

விறைப்புக் குறைபாடும் சேர்ந்திருந்தால் தினமும் 5 மில்லிகிராம் டடாலஃபில் ஒரு வழி. நெஞ்சு வலிக்காக நாக்குக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரையைப் பயன்படுத்துபவர்கள் இதைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தான அளவுக்கு விழும். அவசர உணர்வு மேலோங்கியிருப்பவர்களுக்குப் பையை அமைதிப்படுத்தும் மருந்துகள் சேர்க்கப்படுவதுண்டு. இணையத்தில் விற்கப்படும் சா பால்மெட்டோ மூலிகை வில்லைகளைப் பற்றியும் கேட்கிறார்கள்; 2006-இல் வெளியான கட்டுப்பாட்டு ஆய்வில் அது வெற்று மாத்திரையைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை.

திடீரென்று அடைத்துக்கொண்டால்

அடிவயிறு உப்பி, வலியில் துடித்தும் ஒரு சொட்டும் வராத நிலை ஓர் அவசர நிலை. மருத்துவமனைக்குச் சென்று கதீட்டர் போட்டுச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். வீட்டில் மேலும் மேலும் தண்ணீரோ இளநீரோ குடித்துப் பார்ப்பது வேதனையைக் கூட்டும். சளிக்கும் மூக்கடைப்புக்கும் கடையில் வாங்கும் மாத்திரைகள், மது, கடுமையான மலச்சிக்கல், வேறு ஏதாவது அறுவைக்குத் தரப்பட்ட மயக்க மருந்து ஆகியவை பெரும்பாலும் இதைத் தூண்டுகின்றன. வீக்கம் இருப்பது தெரிந்தவர்கள் சளி மாத்திரை வாங்கும்போது அதைச் சொல்லி வாங்குவது நல்லது. கதீட்டரோடு தளர்த்தும் மருந்தையும் தொடங்கிச் சில நாள்களில் குழாயை எடுத்துப் பார்த்தால் பலருக்குத் தானாகவே போகத் தொடங்கும்.

வலியே இல்லாமல் மெல்ல மெல்ல அடைபடும் வகை இதைவிடத் தந்திரமானது. பை எப்போதும் நிரம்பியே இருந்து, வழிந்து சொட்டும். முதியவர் இரவில் படுக்கையை நனைக்கத் தொடங்கினால் வயதுக் கோளாறு என்று ஒதுக்கிவிடாமல் இதை நினைத்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் அதற்குள் சிறுநீரகங்கள் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும்.

அறுவை சிகிச்சை

மருந்தால் தீராத தொந்தரவு, மீண்டும் மீண்டும் அடைத்துக்கொள்வது, திரும்பத் திரும்ப வரும் கிருமித்தொற்று, பையில் கல், புராஸ்டேட்டிலிருந்து அடிக்கடி இரத்தப்போக்கு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை அறுவைக்கான காரணங்கள். இந்தப் பட்டியலில் கிராம் எண் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்கலாம்.

டி.யூ.ஆர்.பி. எனப்படும் முறையில் வெளியே எங்கும் கத்தி படுவதில்லை. முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டு, சிறுநீர்க் குழாய் வழியாகக் கருவியைச் செலுத்தி, மின் வளையத்தால் அடைக்கும் திசுவைச் சீவி எடுக்கிறார்கள். முன்பு கிளைசின் கலந்த நீரை உள்ளே பாய்ச்சியதால், அது இரத்தத்தில் கலந்து சோடியம் குறையும் ஆபத்து இருந்தது. இப்போது உப்புநீரிலேயே இயங்கும் பைபோலார் கருவிகள் வந்த பிறகு அந்த ஆபத்து வெகுவாக நீங்கியிருக்கிறது. ஏறக்குறைய 80 கிராம் வரையுள்ள சுரப்பிகளுக்கு இது பொருந்தும். அதற்கு மேல் என்றால் ஹோல்மியம் லேசரால் உள்பகுதியை முழுதாகப் பிரித்தெடுக்கும் ஹோலெப் முறை சிறந்தது. கமலா ஆரஞ்சின் சுளைகளைத் தோலிலிருந்து பிரித்தெடுப்பது போல, வளர்ந்த திசுவை அதன் உறையிலிருந்து விடுவிக்கிறார்கள். நியூஸிலாந்தைச் சேர்ந்த பீட்டர் கில்லிங் 1990-களில் இதை உருவாக்கினார். உறையை விட்டுவிட்டு உள்ளே உள்ளதைப் பிரித்தெடுக்கும் எண்ணம் அதைவிடப் பழையது: இந்திய மருத்துவப் பணியில் இருந்து ஓய்வுபெற்று லண்டன் திரும்பிய பீட்டர் ஃப்ரையர் 1901-இல் வயிற்றைத் திறந்து செய்து அதைப் பிரபலப்படுத்தினார்.

அறுவைக்குப் பின் ஆண்மை போய்விடும் என்ற அச்சம் பெரிது. விறைப்புத்தன்மை பெரும்பாலோருக்கு மாறுவதில்லை. ஆனால் விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் பின்வாங்கிச் செல்வது, டி.யூ.ஆர்.பி., ஹோலெப் இரண்டிலும், பெரும்பாலோருக்கு நிரந்தரமாக நிகழும். உடலுக்குக் கெடுதி இல்லை, ஆனால் குழந்தை வேண்டுபவர்கள் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ சாப்பிடுபவர்கள் அதைத் தாமாக நிறுத்தாமல், இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் கலந்து சொல்வதைச் செய்ய வேண்டும்.

கதீட்டர் பொதுவாக ஓரிரு நாள்களில் எடுக்கப்படும். சில வாரங்களுக்கு அவசர உணர்வும், இடையிடையே இளஞ்சிவப்புச் சிறுநீரும் இருக்கலாம். கட்டி கட்டியாக இரத்தம் வந்தாலோ அடைத்துக்கொண்டாலோ மட்டும் உடனே போக வேண்டும். கனம் தூக்குவதும் மலம் கழிக்க முக்குவதும் அந்தக் காலத்தில் கூடாது. சீவி எடுத்த திசு ஆய்வகத்துக்கு அனுப்பப்படும். அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். எடுக்கப்பட்டது உள்பகுதி மட்டும், புற்றுநோய் பெரும்பாலும் தோன்றும் வெளிப்பகுதி இன்னும் இருக்கிறது என்பதால், ‘புராஸ்டேட்டை எடுத்தாகிவிட்டது’ என்று எண்ணிப் பி.எஸ்.ஏ. பார்ப்பதை விட்டுவிடக் கூடாது. அறுவைக்குப் பின் வரும் குறைந்த எண்தான் இனி அவருக்கான அடிப்படை. அதிலிருந்து ஏறுகிறதா என்பதையே அடுத்த ஆண்டுகளில் பார்க்க வேண்டும்.